சக்கர நாற்காலி வந்தது, வாசல் வரவில்லை

(ஜொகூரின் யோங் பெங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாற்றுத்திறனாளிகள் நலன் என்று தலைப்புக் கொடுத்தால் கல்வி, வேலை, மாத உதவித்தொகை என்று பேசிக்கொண்டு போவது வழக்கம். நான் இன்று வீட்டைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அதிலும் வாசற்படி, குளியலறைக் கதவு, கழிப்பறை ஆகிய மூன்றைத் தாண்டி அதிகம் போகமாட்டேன். இந்த மூன்றும் ஒருவருடைய உடலுக்கு ஒத்துவராத வீட்டில், நாம் அவருக்குக் கொடுக்கும் மற்ற உதவிகள் எல்லாம் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே வீட்டைத் திருத்தித் தருவதை யாரோ ஒரு புண்ணியவான் செய்யும் தர்ம காரியமாக விட்டுவைக்கக் கூடாது. சாலை போடுவது, சாக்கடை வெட்டுவது மாதிரி அது ஊராட்சியின் வேலையாக வேண்டும். இதுதான் என் வாதம்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2008 ஜூலை 7 முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, நடப்பில் இருக்கிறது. 2010-இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் மலேசியா ஏற்றுக்கொண்டது. சமூக நல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்கு ஓ.கே.யு. என்ற அடையாள அட்டை வழங்குகிறது. 2021 வரவு செலவுத் திட்டத்தில், வேலை செய்ய இயலாதவர்களுக்கான மாதத் தொகை 250 ரிங்கிட்டிலிருந்து 300-க்கும், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கான தொகை 350-இலிருந்து 500-க்கும் உயர்ந்தன. செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்றவற்றுக்கும் இலாகாவின் உதவி உண்டு. வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்காக சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 2014 முதல் மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையம் நடத்துகிறது. அங்கே ஒருவருக்கு சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போகவும், கட்டிலிலிருந்து அதற்கு மாறி உட்காரவும் பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பயிற்சி முடிந்து அவர் திரும்பி வருவது தன் வீட்டுக்கு. அந்த வீட்டு வாசலில் படி இருக்கிறது.

வருமான வரிச் சட்டத்தையே பாருங்கள். ஒரு தொழிற்சாலை, தன் மாற்றுத்திறனாளி ஊழியருக்காகக் கட்டடத்தில் மாற்றம் செய்தால் அந்தச் செலவைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தனி மனிதர் ஒருவர் சக்கர நாற்காலியோ செவிக்கருவியோ வாங்கினால் 6,000 ரிங்கிட் வரை வரிச்சலுகை உண்டு. அதே மனிதர் அந்த நாற்காலி நுழைவதற்காகத் தன் வீட்டுக் கதவை இடித்து அகலப்படுத்தினால், அந்தச் சலுகையின் பட்டியலில் அதற்கு இடமில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படி எழுதி வைக்கவில்லை. வீடு என்பது குடும்பத்தின் சொந்த விவகாரம், பொதுப் பணம் அங்கே போக வேண்டியதில்லை என்ற பழைய நினைப்பு சட்டங்களுக்குள் ஊறிக்கிடக்கிறது. கட்டட விதிகளும் இதே பாதையில்தான் போகின்றன. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைவிதிகளில் பின்னாளில் சேர்க்கப்பட்ட 34ஏ என்ற விதி, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் நுழையவும் புழங்கவும் வசதி வேண்டும் என்கிறது. அலுவலகம், வங்கி, கடை, மருத்துவமனை போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதியது அது. சட்டம் 685-இன் 26-ஆவது பிரிவும் பொது வசதிகள், பொதுக் கட்டடங்கள் பற்றித்தான் பேசுகிறது. வங்கிக்குள் போக உரிமை இருக்கிறது. ஆனால் வங்கிக்குப் போகத் தன் வீட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டுமே!

நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், உள்ள ஒரு மலிவு விலைத் தரை வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடத்திலிருந்து அடுக்களைக்கு இறங்கும் இடத்தில் ஒரு சிறு பள்ளம். அடுக்களைக்குப் பின்னால் குளியலறை. தண்ணீர் வெளியே வராமல் இருக்க அதன் வாசலில் நாலு அங்குலத் திண்டு. கதவுச் சட்டம் இரண்டே கால் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் தடிமனைக் கழித்தால் உண்மையில் கிடைக்கும் இடைவெளி இருபத்தைந்து அங்குலம் தேறினால் அதிகம். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமே இருபத்தைந்து முதல் இருபத்தேழு அங்குலம். சக்கரத்தைத் தள்ளும் கைக்கும் இடம் வேண்டும். ஆகவே நாற்காலி திண்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. உள்ளே குந்தி உட்காரும் கழிப்பறை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவர் அதில் எப்படி உட்காருவார்? யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்குகிற ஆள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் என்ன செய்வது? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். முதுகுத் தண்டில் அடிபட்டவர் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், கல் சேரும், நாள் செல்லச் செல்லச் சிறுநீரகமே கெடும். பிறகு அவரை காரில் ஏற்றி பத்து பகாட் மருத்துவமனைக்கோ குளுவாங் மருத்துவமனைக்கோ கொண்டு ஓடுகிறோம். நாலு அங்குலத் திண்டு ஒன்று மருத்துவமனைப் படுக்கையாக மாறுவது இப்படித்தான். அந்தத் திண்டை உடைக்க அரை நாள் வேலை போதும்.

இந்த வீடுகள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, எட்டத்தில் இருந்தது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1966-இல் ஒரு சட்டமும் 1990-இல் அதற்குப் பதிலாக இன்னொன்றும் வந்தன. ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புத் திட்டங்களும் எழுந்தபோது, நம் குடும்பங்கள் தோட்டத்தை விட்டு யோங் பெங் போன்ற சிறு பட்டணங்களின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தன. மலிவு விலை வீட்டின் உச்ச விலை 1980-களில் 25,000 ரிங்கிட். 1998-இல் இடத்துக்கு ஏற்ப 42,000 வரை உயர்த்தப்பட்டது. விலைக்கு வரம்பு இருந்தது, கதவின் அகலத்துக்கு இல்லை. கட்டியவர் எங்கே குறைக்க முடியுமோ அங்கே குறைத்தார், குளியலறை சுருங்கியது. அன்றைக்கு முப்பது வயதில் அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு இன்று எழுபது வயது. சாவியை வாங்கியபோது அவர்கள் இந்த வயதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வரைபடம் போட்டவர் நினைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். எத்தனை பேருக்காக இதையெல்லாம் செய்வது? ஓ.கே.யு. அட்டைக்குப் பதிந்தவர்கள் நாடு முழுவதும் சில லட்சம் பேர்தானே, மக்கள்தொகையில் சின்னப் பங்குதானே என்று கேட்பார்கள். பதிவு என்பது விருப்பத்தின் பேரில் செய்வது. பதியாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறில் ஒருவர் கணிசமான உடற்குறைபாட்டுடனோ மனநலக் குறைபாட்டுடனோ வாழ்கிறார். நம் சமூகத்துக்கு என்று தனியாக ஒரு கவலையும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்ற அளவை அப்போது நெருங்கியிருந்தோம். காலை எடுப்பது, பார்வை மங்குவது, பக்கவாதம், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் முடித்துத் தள்ளாடி வீடு திரும்புவது எல்லாம் இந்தக் கணக்கின் மறுபக்கம். இதோடு, நம் ஊருக்கு அருகிலேயே நெடுஞ்சாலையும் கூட்டரசுச் சாலையும் ஓடுகின்றன. மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரே நொடியில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோகும் இளைஞர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளி என்று ஒரு தனிக் கூட்டம் எங்கேயோ இருப்பதுபோல் எண்ணித் திட்டம் போடுவது அடிப்படையிலேயே தவறு.

நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் வேறு. "எங்கள் வீட்டு ஆளை நாங்கள் பார்த்துக்கொள்வோம், மற்றவரிடம் கையேந்த வேண்டாம்." இந்தச் சொல்லில் உள்ள பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 'நாங்கள்' யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெரும்பாலும் ஓர் அம்மா, அல்லது மனைவி, அல்லது கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட ஒரு மகள். அறுபது கிலோ எடையுள்ள மனிதரைத் தினமும் மூன்று நாலு தடவை தூக்கி இறக்குகிறாள். பத்து வருடத்தில் அவளுடைய முதுகும் போய்விடுகிறது. ஒரு வீட்டில் இருவர் நோயாளிகள். அதோடு, தூக்கப்படுகிறவரின் மனத்தையும் நாம் பேசுவதில்லை. வளர்ந்த ஆண்மகன் கழிப்பறைக்குப் போகத் தாயை எழுப்ப வேண்டியிருப்பதை எந்த அன்பும் ஈடுகட்டாது. கைப்பிடிக் கம்பி இரண்டு, உயரமான கழிப்பறைப் பீடம் ஒன்று, திண்டில்லாத தரை ஆகியவை இருந்தால் இப்படிப்பட்டவர்களில் பலர் தாமே போய்வருவார்கள். குடும்பத்தின் பாசத்துக்கு அப்போது குறைவு வராது. பாரம் தூக்குவதில் போகும் நேரம் பேசிச் சிரிப்பதற்கு மிஞ்சும். பராமரிப்பவருக்கு மாதம் 500 ரிங்கிட் என்றால் பத்து ஆண்டில் 60,000 ரிங்கிட். அந்தத் தொகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது போதவும் போதாது. ஆனால் மாதாமாதம் கொடுக்க மனம் வரும் அரசுக்கு, ஒரே தடவை செய்துமுடிக்க வேண்டிய குளியலறை வேலைக்குக் கொடுக்க வழி தெரியவில்லை என்பதை நம்ப முடிகிறதா?

வேறு சிலர், இல்லத்தில் சேர்த்துவிட்டால் வசதியாக இருக்குமே என்பார்கள். ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது விதி, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது. 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், மாற்றுத்திறனாளிகள் தாமே நடத்தும் சுயவாழ்வு மையம் தொடங்கியதிலிருந்து உலகெங்கும் இதற்காகப் போராடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தென்காசி அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் போய்ச் சேவை செய்யும் அளவுக்கு வளர்ந்தது. மலேசியாவிலும் 1984-இலேயே திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூக அடிப்படையிலான மறுவாழ்வுத் திட்டம், நாம் பி.டி.கே. என்று அழைப்பது, தொடங்கப்பட்டது. மறுவாழ்வு நடக்க வேண்டிய இடம் அவரவர் ஊரும் வீடும்தான் என்பது அதன் அடிப்படை. நாற்பது ஆண்டுகளாகக் கொள்கையில் ஒப்புக்கொண்ட ஒன்றை, வீட்டுச் சுவரைத் தொட வேண்டிய இடத்தில் மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

இப்போது யோங் பெங்குக்கே உரிய தடைக்கு வருகிறேன். இது கனமானது, அலட்சியமாகத் தள்ள முடியாதது. 2023 மார்ச்சில் ஜொகூரில் வந்த வெள்ளத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். பத்து பகாட் மாவட்டத்தில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. அதைப் பார்த்தவர்கள், "தளத்தை உயர்த்திக் கட்டு என்று நாங்கள் சொல்கிறோம், நீங்கள் படியே வேண்டாம் என்கிறீர்கள், இரண்டும் எப்படி ஒத்துவரும்?" என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரிவுப் பாதைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. வாசல் அரை அடி உயரம் என்றால் ஆறடிப் பாதை போதும், முற்றத்தில் அடங்கிவிடும். வெள்ளத்துக்காக இரண்டடி உயர்த்தினால் இருபத்து நாலு அடிப் பாதை வேண்டும்; இருபதடி முற்றத்தில் அது அடங்காது. ஆகவே தனித்தனி வீடாகப் பார்த்தால் இந்தத் தடை உண்மையானதுதான். ஆனால் வெள்ளத்துக்குத் தப்பும் உயரத்தைத் தனித்தனி வீடு தீர்மானிக்கக் கூடாது என்பதல்லவா சரி? புது தாமான் போடும்போதே மண் நிரப்பி மனையின் மட்டத்தை நிர்ணயிக்கிறார்கள். உயரத்தை அங்கே, மொத்த நிலத்துக்கும் சாலைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் வாசலில் கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உயர்த்திக் கட்டியாகிவிட்ட வீடுகளில் பக்கவாட்டில் மடித்து மடித்துப் பாதை போடலாம். சிலவற்றில் அதுவும் முடியாது. அத்தகைய குடும்பத்துக்குத் தோதான வேறு வீட்டை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடுதான் வழி என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெள்ளக் காலத்தில் இன்னொன்றும் உண்டு. எந்த வீட்டில் யார் தானாக எழுந்து வர முடியாதவர் என்ற பட்டியல் முன்கூட்டியே கையில் இருந்தால் படகு முதலில் அங்கே போகும். வீடு திருத்துவதற்காகத் தயாரிக்கும் பட்டியலே அதற்கும் உதவும். நிவாரண மையமாகும் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் ஒரு கழிப்பறையாவது சக்கர நாற்காலி நுழையும்படி இருக்க வேண்டும். அந்த நாள்களில் அதுதான் அவர்கள் வீடு.

பணம் எங்கே என்று கேட்பவர்களை யோங் பெங்கிலிருந்து தெற்கே பார்க்கச் சொல்வேன். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல் கைப்பிடி பொருத்துவது, வழுக்காத தரை அமைப்பது, சரிவுப் பாதை போடுவது ஆகியவற்றை ஒரு திட்டமாகவே நடத்துகிறது. வீட்டின் அளவைப் பொறுத்துச் செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. சிங்கப்பூர் பணக்கார நாடு, ஒப்பிடக் கூடாது என்பார்கள். சரி, அந்த அளவுக்கு வேண்டாம். ஆனால் அவர்கள் செய்யும் வேலையின் தன்மையைப் பாருங்கள். கம்பி, சிமெண்டு, ஓடு. இதில் யோங் பெங் கொத்தனாருக்குத் தெரியாத தொழில்நுட்பம் எதுவும் இல்லை. கூரை ஒழுகினால், சுவர் சரிந்தால் ஏழைகள் வீட்டைப் பழுதுபார்க்க உதவும் திட்டங்கள் இங்கேயும் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் குளியலறைக் கதவையும் சேர்ப்பதுதான் பாக்கி. கண் தெரியாதவருக்குப் படியின் விளிம்பில் நிறப்பட்டை, காது கேளாதவருக்கு மணியோடு எரியும் விளக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளை சாலைக்கு ஓடிவிடாதபடி வேலிக்குத் தாழ்ப்பாள் எல்லாம் அதைவிடச் சின்னச் செலவு. புது வீடாக இருந்தால் தொடக்கத்திலேயே கதவை மூன்றடியாகப் போடுவதற்கு என்ன செலவு கூடிவிடும்?

பரிந்துரையாக எழுதி வைத்தால் மட்டும் நடக்காது என்பதற்கு அண்மைய பாடம் இந்தியாவில் கிடைத்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-இல் இந்திய உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி பற்றிய விதிமுறைகள் வெறும் வழிகாட்டுதலாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க உத்தரவிட்டது. நம்மிடமும் எம்.எஸ். 1184 என்ற நல்ல தரக்குறிப்பு இருக்கிறது. ஆனால் தரக்குறிப்புக்கு நடைமுறை பலம் துணைவிதியால்தான் வரும். துணைவிதி செய்யும் அதிகாரத்தை, சாலை, சாக்கடை, கட்டடச் சட்டம் 1974 மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே ஜொகூர் அரசு நினைத்தால், புதிதாகக் கட்டப்படும் தரை வீடுகளில் படியில்லாத ஒரு வாசலும், நாற்காலி நுழையும் ஒரு குளியலறையும் கட்டாயம் என்று விதி செய்யலாம். அதற்கு புத்ராஜெயா வரை போக வேண்டியதில்லை. சட்டம் 685 இயற்றப்பட்டபோது அதில் மீறுவோருக்குத் தண்டனைப் பிரிவு இல்லை. அரசைப் பாதுகாக்கும் பிரிவு மட்டும் இருந்தது. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டி மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். 2013-இல் அவர்கள் சார்பில் நாடாளுமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்ட பத்மாவதி கிருஷ்ணன் நம் சமூகத்துப் பெண்மணி, சக்கர நாற்காலியில் அமர்ந்தே பொதுவாழ்வு நடத்தியவர். குரல் இல்லாமல் போகவில்லை. கேட்கும் இடத்தில்தான் நாம் கூட்டமாகப் போய் நிற்கவில்லை.

நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் இதில் என்ன செய்ய முடியும்? 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தச் சமூகத்துக்கு ஒரு தாமானில் பத்து வீட்டுக் குளியலறையைத் திருத்துவது மலையைப் புரட்டும் வேலை ஆகாது. ஆனால் அரசின் கடமையைச் சங்கம் நிரந்தரமாகத் தலையில் ஏற்றிக்கொள்வதையும் நான் ஆதரிக்கவில்லை. சில வீடுகளைத் திருத்திக் காட்டி, என்ன செலவாயிற்று, யார் என்னென்ன தாமே செய்யத் தொடங்கினார்கள் என்று எழுதிவைத்து, அந்த ஏட்டோடு யோங் பெங் மாவட்ட மன்றத்திடம் போக வேண்டும். கதவகலம், திண்டின் உயரம், வாசற்படி அளவு, வீட்டில் இருப்பவரின் தேவை ஆகியவை வீட்டுக்கு ஒரு பக்கமாக அதில் இருக்கட்டும். அளவெடுக்கப் போகும் குழுவில் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரும், ஒரு பராமரிப்பாளரும் கட்டாயம் இருக்கட்டும். நாம் பார்க்காத இடைஞ்சலை அவர்கள் பார்ப்பார்கள். மன்றத்திடம் கேட்க வேண்டியதும் தெளிவாக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி குடும்பம் வீட்டைத் திருத்த விண்ணப்பித்தால் கட்டணம் இல்லாமல், தாமதம் இல்லாமல் அனுமதி வேண்டும். புதுத் தாமான்களைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம் உண்டு. 2007 முதல், வீடு கட்டி முடிந்ததும் குடிபுகச் சான்றிதழ் தருவது கட்டடக் கலைஞர் போன்ற நிபுணர்கள்தான். ஆகவே மன்றத்தின் பிடி உறுதியாக இருப்பது வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் கட்டத்தில். அந்தக் கட்டத்தில், வரைபடம் மேசைமேல் விரிந்திருக்கும்போதே, மன்றத்து அதிகாரி மேம்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: சாலையிலிருந்து கூடம்வரை எங்கே படி வருகிறது? குளியலறைக் கதவின் அகலம் எத்தனை? அவற்றைக் கேட்காமல் முத்திரை விழக் கூடாது என்ற தீர்மானத்தை மன்றத்தின் கூட்டத்தில் வைக்கச் சொல்லி, நம் பகுதி மன்ற உறுப்பினர்களிடம் எழுத்து மூலமாக மனுக் கொடுப்போம்.